ஆஸ்பத்திரியா? விளையாட்டரங்கா?
மரக்கானா எழுந்த கதை

மழைக்கு ஒழுகும் பாடசாலைக் கட்டடங்கள் ஒரு புறம். கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்து நோயாளர் படுத்திருக்கும் ஆஸ்பத்திரிகள் மறு புறம். இந்த நிலையில் மக்களின் வரிப்பணத்தைக் கொட்டி ஒரு விளையாட்டரங்கு கட்டத்தான் வேண்டுமா?

நாம் எல்லோரும் எப்போதாவது கேட்ட கேள்விதான் இது. பத்திரிகையில் ஏதோ ஒரு நாட்டின் புதிய அரங்கின் படத்தைக் கண்டு வியந்த பிள்ளையிடம், "இந்தக் காசுக்கு எத்தனை ஆஸ்பத்திரி கட்டலாம் தெரியுமா?" என்று சொல்லாத பெற்றோர் குறைவு. இதே கேள்வியை 1947 ஆம் ஆண்டு தன் மாநகர சபையில் வைத்து உரத்த குரலில் விவாதித்த நகரம் ஒன்று உண்டு. அது பிரேஸில் நாட்டின் அன்றைய தலைநகரான ரியோ டி ஜெனீரோ. அந்த விவாதத்தின் முடிவில் எழுந்ததுதான் உலகம் அறிந்த மரக்கானா விளையாட்டரங்கு.

விவாதத்தில் வென்றவர்கள் சரியா, தோற்றவர்கள் சரியா? இதற்கு விடை தேட வேண்டுமாயின், சபை மண்டபத்துக்குள் நுழையுமுன் இன்னும் கால் நூற்றாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஏனெனில் ரியோவில் மைதானம் என்பது என்றுமே வெறும் மைதானமாக இருந்ததில்லை.

கனவான்களின் விளையாட்டு

பிரேஸிலில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1888 இல்தான். அதன் பின் சில ஆண்டுகளில், ஐரோப்பாவில் கல்வி கற்றுத் திரும்பிய செல்வந்த இளைஞர்கள் உதைபந்தாட்டத்தை அங்கே கொண்டுவந்தனர். ரியோ நகரில் ஃபுளுமினென்ஸ் கழகம் 1902 இல் தோன்றியது. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் ஆடுவார்கள். தொப்பியும் கையுறையும் அணிந்த சீமாட்டிகள் அமர்ந்து பார்ப்பார்கள். ஆட்டத்துக்குக் கூலி வாங்குவது இழிவு எனக் கருதப்பட்டது. உழைத்தால்தான் உணவு என்றிருந்த ஏழைக்கு இது எட்டாக் கனி என்பதைச் சொல்லவும் வேண்டுமா? ஓய்வு நேரம் உள்ளவனுக்கே விளையாட்டு. ஓய்வு நேரமோ பணம் உள்ளவனுக்கே.

இந்த வேலியை உடைத்த கழகத்தின் பெயர் நம்மவருக்குக் கசப்பான பெயர்: வாஸ்கோ ட காமா! அந்த மாலுமி கள்ளிக்கோட்டைக் கரையை அடைந்த நானூறாவது ஆண்டு நிறைவான 1898 இல், ரியோவில் குடியேறியிருந்த போர்த்துக்கேயச் சிறு வணிகர்கள் ஒரு படகோட்டக் கழகத்தை அமைத்து அதற்கு இப்பெயரைச் சூட்டினர். இந்து சமுத்திரக் கரையில் ஹஜ் பயணிகளின் கப்பலையே எரித்த மனிதனின் பெயரைத் தாங்கிய கழகம், அத்திலாந்திக் கரையில் ஒடுக்கப்பட்டவர்களின் பக்கம் நின்றது. வரலாறு சில வேளை இப்படியும் விளையாடுகிறது.

பன்னிரண்டு பேருக்காக ஒரு கடிதம்

வாஸ்கோ கழகம் 1923 இல்தான் ரியோவின் முதற்பிரிவில் ஆடத் தகுதி பெற்றது. வந்த முதல் ஆண்டிலேயே வெற்றிக் கிண்ணத்தையும் தட்டிச் சென்றது. அந்த அணியில் இருந்தவர்கள் யார்? கறுப்பின இளைஞர்கள், கலப்பினத்தவர்கள், ஏழை வெள்ளையர்கள், கைத்தொழிலாளர்கள். சீமான்களின் பிள்ளைகளை இவர்கள் ஒருவர் பின் ஒருவராக வீழ்த்தினார்கள்.

பெரிய கழகங்களுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த ஆண்டே ஃபுளுமினென்ஸ், ஃபிளமெங்கோ, பொட்டாஃபோகோ முதலிய கழகங்கள் தனியாகப் பிரிந்து புதிய சங்கம் ஒன்றை அமைத்தன. ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் 'தகுந்த' தொழில் இருக்க வேண்டும், எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள் வந்தன. வாஸ்கோ இச்சங்கத்தில் சேர விரும்பினால் தன் அணியிலிருந்து பன்னிரண்டு பேரை நீக்க வேண்டும் என்று நிபந்தனையும் விதிக்கப்பட்டது. வாஸ்கோவிடம் தகுதியான சொந்த மைதானம் இல்லை என்பதும் ஒரு குறையாகச் சொல்லப்பட்டது. நிறம் என்ற சொல் எங்கும் எழுதப்படவில்லை. அதை எழுதாமலே காரியத்தை முடிக்கும் வித்தையை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

1924 ஏப்ரல் 7 ஆம் திகதி வாஸ்கோ கழகத்தின் தலைவர் ஜோசே அகுஸ்டோ பிரெஸ்டெஸ் ஒரு கடிதம் எழுதினார். அந்தப் பன்னிரண்டு பேரும் தம் வாழ்வின் தொடக்கத்தில் நிற்கும் இளைஞர்கள். கழகத்துக்குப் புகழ் சேர்த்த அவர்களைப் பலியிட்டு ஒரு சங்கத்தில் சேர எமக்கு விருப்பமில்லை. ஆகவே சேரும் எண்ணத்தைக் கைவிடுகிறோம் என்பதே அதன் சாரம். பிரேஸில் உதைபந்தாட்ட வரலாற்றில் இது 'வரலாற்றுப் பதில்' என்றே அழைக்கப்படுகிறது.

சந்தாப் பணத்தில் எழுந்த அரங்கு

ஓர் ஆண்டுக்குப் பின் சங்கம் இறங்கி வந்தது. வாஸ்கோ அதே ஆட்டக்காரர்களுடன் சேர்த்துக்கொள்ளப்பட்டது. ஆனால் 'உங்களுக்கு மைதானம் இல்லையே' என்ற ஏளனத்தைக் கழகத்தவர் மறக்கவில்லை. புதிய உறுப்பினர்களைச் சேர்த்து நிதி திரட்டும் பெரும் இயக்கம் ஒன்று தொடங்கியது. கடைக்காரர், கடைச் சிப்பந்தி, தொழிலாளி எனப் பலரும் உறுப்பினராகி முடிந்ததைக் கொடுத்தார்கள். 1926 இல் அத்திபாரம் இடப்பட்டது. ஏறத்தாழ பத்தே மாதங்களில், 1927 ஏப்ரல் 21 இல், சாவோ ஜனுவாரியோ என்று மக்கள் அழைக்கும் அரங்கு திறந்துவைக்கப்பட்டது. அன்று தென் அமெரிக்காவிலேயே பெரிய அரங்கு அதுதான். மூன்று ஆண்டுகளின் பின் உருகுவே தன் தலைநகரில் சென்டெனாரியோ அரங்கைக் கட்டும் வரை அந்தப் பெருமை நிலைத்தது.

திறப்பு விழா ஆட்டத்தில் வாஸ்கோ, சான்டோஸ் அணியிடம் 5-3 என்று தோற்றுப் போனது வேறு கதை. "உனக்கு இடமில்லை" என்று சொல்லப்பட்டவர்கள் தமக்கென ஓர் இடத்தைத் தம் கையாலேயே கட்டிக்கொண்டார்கள் என்பதே இங்கு பெரிது. 1940 மே தினத்தன்று ஜனாதிபதி வர்காஸ் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தை அறிவிக்கத் தேர்ந்தெடுத்த இடமும் இதே அரங்குதான். தொழிலாளர் கூடும் இடம் எது என்று அரசுக்கும் தெரிந்திருந்தது.

இதற்கிடையில் 1933 இல் ரியோவிலும் சாவோ பாவ்லோவிலும் உதைபந்தாட்டம் பகிரங்கமாகவே தொழில்முறை விளையாட்டாகியது. ஆடுபவனுக்குச் சம்பளம் என்றானதும், திறமை ஒன்றையே மூலதனமாகக் கொண்ட ஏழைப் பையனுக்கும் கதவு திறந்தது. சம்பளம் கொடுக்க வேண்டுமானால் டிக்கட் விற்க வேண்டும். டிக்கட் விற்க வேண்டுமானால் பெரிய அரங்கு வேண்டும். கழகங்களின் சிறு மைதானங்கள் இந்தக் கூட்டத்துக்குப் போதவில்லை.

மாநகர சபையில் மூண்ட விவாதம்

1946 இல் உலகக் கிண்ணப் போட்டியை நடத்தும் பொறுப்பு பிரேஸிலுக்குக் கிடைத்தது. ரியோவில் ஒரு மாபெரும் அரங்கு வேண்டும் என்பது வெளிப்படை. அதை யார் கட்டுவது, எங்கே கட்டுவது, எவ்வளவு பெரிதாகக் கட்டுவது என்பதில்தான் தகராறு. ஜனாதிபதியால் நியமிக்கப்பட்ட மேயர் மென்டெஸ் டி மொராயிஸ், நகரமே கட்டும் என்றார். மாநகர சபை இரண்டுபட்டது.

எதிர்ப்பின் முன்னணியில் நின்றவர் கார்லோஸ் லசெர்டா. பத்திரிகையாளர், நெருப்பாகப் பேசக்கூடியவர், பிற்காலத்தில் ஜனாதிபதிகளையே ஆட்டங்காண வைத்தவர். பாடசாலைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் பணமில்லாத நகரத்தில் இவ்வளவு பெரிய அரங்கு எதற்கு என்பது எதிர்ப்பாளரின் வாதம். கட்டத்தான் வேண்டுமென்றால் சிறிதாகக் கட்டுங்கள். நகருக்கு வெளியே ஜக்கரெபகுவா பகுதியில் கட்டுங்கள் என்றார் லசெர்டா. இது வீண் வாதமல்ல என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ரியோவின் குன்றுகளில் தண்ணீரும் மின்சாரமும் இல்லாத சேரிகள் அன்றே படர்ந்திருந்தன.

ஆதரவாக எழுந்தவர் லசெர்டாவின் கட்சியைச் சேர்ந்த அரி பரோசோ! பிரேஸில் மக்கள் போற்றும் இசையமைப்பாளர். வானொலியில் உதைபந்தாட்ட வர்ணனையாளராகவும் புகழ் பெற்றவர். இந்த விடயத்தில் கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் அவருக்குத் தோள் கொடுத்தனர். சபைக்கு வெளியே இந்த அணிக்குப் பேனா பிடித்தவர் மாரியோ ஃபில்யோ. 'ஜோர்னல் டோஸ் ஸ்போர்ட்ஸ்' என்ற, இளஞ்சிவப்புத் தாளில் வெளிவந்த விளையாட்டு நாளேட்டின் ஆசிரியர் அவர். பிரேஸில் உதைபந்தாட்டத்தில் கறுப்பின மக்கள் எப்படிப் போராடி இடம்பிடித்தார்கள் என்ற வரலாற்றை நூலாக எழுதி, அதே 1947 இல் வெளியிட்டவரும் அவரே. வாஸ்கோவின் கதையை அடுத்த தலைமுறைக்குச் சொன்னவர்.

அவருடைய வாதம் இட அமைவு பற்றியது. ஜக்கரெபகுவாவுக்குச் செல்ல அன்று வசதியான போக்குவரத்து இல்லை. கார் உள்ளவன் போவான்; மற்றவன் வீட்டில் இருப்பான். மாறாக, நகரின் வடபகுதியில் மரக்கானா ஆற்றங்கரையில் பழைய குதிரைப் பந்தயத் திடல் கிடக்கிறது. தொழிலாளர் வாழும் புறநகர்களிலிருந்து வரும் புகையிரதப் பாதை அதன் பக்கத்திலேயே செல்கிறது. அரங்கு அங்கேதான் எழ வேண்டும். ஊரார் எல்லோரும் வந்து சேரக்கூடிய இடத்தில், எல்லோருக்கும் இடம் இருக்குமளவு பெரிதாக எழ வேண்டும்.

வாக்கெடுப்பில் அரங்குக்கு ஆதரவானவர்கள் வென்றார்கள். பணத்தின் ஒரு பகுதி, நீண்டகால உரிமையுள்ள ஆசனங்களை முற்கூட்டியே பொதுமக்களுக்கு விற்றுத் திரட்டப்பட்டது.

சீமெந்தும் வியர்வையும்

1948 ஓகஸ்ட் 2 இல் வேலை தொடங்கியது. உலகக் கிண்ணத்தின் முதல் ஆட்டம் 1950 ஜூன் 24 இல். இரண்டு வருடம்கூட இல்லை! ஆயிரத்து ஐந்நூறு தொழிலாளர் வேலை செய்தனர். கடைசி மாதங்களில் மேலும் இரண்டாயிரம் பேர் சேர்க்கப்பட்டனர். வேலை பின்தங்கவே, 1934 ஆம் ஆண்டுப் போட்டியை நடத்திய அனுபவமுள்ள இத்தாலியர் ஒட்டோரினோ பராசி உதவிக்கு அனுப்பப்பட்டார்.

முட்டை வடிவில், 32 மீற்றர் உயரத்தில், கொங்கிறீட் வளையம் ஒன்று எழுந்தது. ஆசனங்களின் மேல் விரியும் கூரைக்கு முன்புறத்தில் ஒரு தூணும் கிடையாது; பார்வைக்கு மறைப்பே இல்லை. மைதானத்துக்கும் மக்களுக்கும் இடையில் அகழி ஒன்று வெட்டப்பட்டது. மேல்தளத்தில் கொங்கிறீட் படிகள், கீழ்த்தளத்தில் கதிரைகள். இவற்றுக்கும் முன்னால், மைதானத்தைச் சுற்றி, கூரையோ கதிரையோ இல்லாத ஒரு வட்டம். 'ஜெரால்' என்று அழைக்கப்பட்ட, நின்று பார்க்கும் இடம் அது. பொது என்பதே அச்சொல்லின் பொருள். மிகக் குறைந்த விலை டிக்கட் அதற்குத்தான்.

1950 ஜூன் 16 இல் திறப்பு விழா. ரியோ, சாவோ பாவ்லோ இளைஞர் அணிகள் மோதின. அரங்கின் முதல் கோலை அடித்தவர் டிடி என்ற கறுப்பின இளைஞர். எட்டு ஆண்டுகளின் பின் சுவீடனில் பிரேஸில் முதன்முதலாக உலகக் கிண்ணத்தை வென்றபோது, அப்போட்டியின் தலைசிறந்த ஆட்டக்காரர் எனப் பாராட்டப்பட்டவர் இவரே. அன்று சாரக்கட்டுகள்கூட முழுதாகக் கழற்றப்படவில்லை. அரங்கின் வேலைகள் முற்றாக முடிய 1965 ஆகிவிட்டது. இதில் இன்னொரு வேடிக்கை. 1960 இல் தலைநகர் பிரேஸிலியாவுக்கு மாறியதும் ரியோ தனி மாநிலமானது. அதன் முதலாவது தெரிவு செய்யப்பட்ட ஆளுநர் வேறு யாருமல்ல, கார்லோஸ் லசெர்டா! தாம் எதிர்த்த அரங்கை நிர்வகிக்கும் பொறுப்பு அவருடைய அரசாங்கத்தின் தலையிலேயே விழுந்தது.

ஊமையான நகரம்

1950 ஜூலை 16. உலகக் கிண்ணத்தைத் தீர்மானிக்கும் கடைசி ஆட்டம். பிரேஸிலுக்கு எதிரே உருகுவே. ஆட்டம் சமநிலையில் முடிந்தாலே கிண்ணம் பிரேஸிலுக்கு. டிக்கட் வாங்கி வந்தோர் மாத்திரம் 173,850 பேர். எல்லோரையும் சேர்த்தால் இரண்டு இலட்சத்தை நெருங்கும் என்பர். அப்போது நகரின் சனத்தொகை ஏறத்தாழ 24 இலட்சம். அதாவது நகரில் வாழ்ந்தவர்களில் பன்னிருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் மக்கள் ஒரே கூரை வளையத்துக்குள் நின்றார்கள்!

ஆட்டத்துக்கு முன் மேயர் ஒலிபெருக்கியில் பேசினார். அரங்கைக் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கைத் தாம் காப்பாற்றிவிட்டதாகவும், இனிக் கிண்ணத்தை வெல்வது ஆட்டக்காரர்களின் கடமை என்றும் கூறினார். கடன் கொடுத்தவன் வசூலிக்க வந்தது போலிருந்தது அந்தப் பேச்சு.

இரண்டாம் பாதி தொடங்கியதும் பிரேஸில் கோல் அடித்தது. 66 ஆவது நிமிடத்தில் உருகுவேயின் ஸ்கியாஃபினோ அதைச் சமன் செய்தார். 79 ஆவது நிமிடத்தில் கிக்கியா வலப்புறமாக ஓடிவந்து, கோல் காப்பாளருக்கும் கம்பத்துக்கும் இடையிலிருந்த சிறு இடைவெளியில் பந்தைச் செலுத்தினார். உருகுவே 2, பிரேஸில் 1. அந்தப் பெருங்கூட்டம் ஊமையானது.

வாஸ்கோவின் கதை இங்கே மீண்டும் வந்து சேர்கிறது. அன்றைய பிரேஸில் அணியின் தலைவர் அகுஸ்டோ, அதிக கோல் அடித்த அடெமிர், பயிற்றுநர் ஃபிளாவியோ கொஸ்டா, கோல் காப்பாளர் மோசிர் பார்போசா ஆகிய அனைவரும் வாஸ்கோ கழகத்தவர்கள். தோல்வியின் பழி யார் தலையில் விழுந்தது? பார்போசா, பிகோடே, ஜுவெனால் ஆகிய மூன்று கறுப்பின ஆட்டக்காரர்கள் மீது. அதிலும் பார்போசாவை நாடு கடைசி வரை மன்னிக்கவில்லை. ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் நீண்ட காலம் தொழில் பார்த்ததும் அதே மரக்கானாவின் வளாகத்திலேதான். பிரேஸில் சட்டத்தில் எந்தக் குற்றத்துக்கும் முப்பது வருடத்துக்கு மேல் தண்டனை இல்லை, தாமோ செய்யாத குற்றத்துக்கு ஐம்பது வருடமாகத் தண்டனை அனுபவிப்பதாக முதுமையில் அவர் மனம் நொந்து கூறினார். அவர் கண்மூடியது 2000 ஆம் ஆண்டு ஏப்ரல் 7 இல். அந்தப் பன்னிரண்டு இளைஞர்களுக்காக வாஸ்கோ கடிதம் எழுதிய அதே நாள்!

மதில்களைக் கட்டிவிட்டால் மனங்கள் மாறிவிடும் என்று எண்ணுவது பேதைமை என்பதற்கு பார்போசாவின் வாழ்வே சாட்சி.

நிற்க ஓர் இடம்

என்றாலும் அந்த அரங்கு ஒரு வாக்கைக் காப்பாற்றியது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஏழைக்கு அங்கே இடம் இருந்தது. ஜெராலில் நிற்பவனுக்கு ஆட்டம் சரியாகத் தெரியாது. கண் மட்டத்தில் ஆட்டக்காரரின் கால்கள்தான் தெரியும். மழை வந்தால் நனைய வேண்டும். ஆனாலும் கூலித் தொழிலாளியும் தெரு வியாபாரியும் சில்லறைக் காசைக் கொடுத்து உள்ளே வரலாம். மேலே கதிரையில் இருக்கும் வழக்கறிஞருக்கும் கீழே நிற்கும் கூலிக்கும் கோல் விழும்போது எழும் கூச்சல் ஒன்றுதான். 1963 இல் ஃபிளமெங்கோவும் ஃபுளுமினென்ஸும் மோதியபோது டிக்கட் வாங்கி வந்தவர்கள் மாத்திரம் 177,020 பேர். இரண்டும் ஒரே ஊர்க் கழகங்கள் என்பதை நினைவிற் கொள்க!

1966 இல் மாரியோ ஃபில்யோ மறைந்தார். அவர் பேனாவால் போராடிப் பெற்ற அரங்குக்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது. 1969 நவம்பர் 19 இல் பெலே தமது ஆயிரமாவது கோலை அடித்ததும் இங்கேதான். தம்மைச் சூழ்ந்த பத்திரிகையாளர்களிடம் அவர் சொன்னது தம் சாதனையைப் பற்றியல்ல. ஏழைச் சிறுவர்களை மறந்துவிடாதீர்கள் என்பதே. சிலர் அதை நகைத்தார்கள். அவர் சொன்னதில் நகைக்க என்ன இருந்தது என்று காலம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

கதிரை வந்தது, ஏழை போனான்

கட்டடத்துக்கு வயது போனது, பராமரிப்புக் குறைந்தது. 1992 ஜூலை 19 இல் மேல்தளத்தின் கைப்பிடி வேலி உடைந்து மக்கள் கீழே விழுந்தனர். மூவர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர். பாதுகாப்புக்காகக் கூட்டத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. இதில் யாரும் குறை காண முடியாது. உயிரைவிட ஆட்டம் பெரிதல்ல.

ஆனால் அதன் பின் வந்த மாற்றங்கள் பாதுகாப்போடு நிற்கவில்லை. 2005 இல் ஜெரால் மூடப்பட்டது. 2014 உலகக் கிண்ணத்துக்காக 2010 முதல் 2013 வரை அரங்கின் உட்புறம் முற்றாக இடித்துக் கட்டப்பட்டது. பழைய கொங்கிறீட் கூரை அகற்றப்பட்டது. நூறு கோடி ரியாலுக்கு மேல் செலவு. இரண்டு இலட்சம் பேர் நின்ற இடத்தில் சுமார் 78 ஆயிரம் கதிரைகள். டிக்கட் விலை ஏறியது. கட்டியது மக்கள் பணம்; நடத்தும் உரிமையோ தனியார் கூட்டு நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. 2014 இறுதியாட்டம் அங்கே ஜெர்மனிக்கும் ஆர்ஜென்டீனாவுக்கும் இடையில் நடந்தது. அந்த உலகக் கிண்ணத்தில் பிரேஸில் அணி ஓர் ஆட்டமேனும் மரக்கானாவில் ஆடவில்லை என்பது எவ்வளவு பெரிய விந்தை!

2013 ஜூனில் பஸ் கட்டண உயர்வுக்கு எதிராகத் தொடங்கிய ஆர்ப்பாட்டம் நாடெங்கும் பரவியது. இலட்சக் கணக்கில் வீதிக்கு வந்த இளைஞர்கள் ஏந்திய பதாகைகளில் ஒரு கோரிக்கை திரும்பத் திரும்பக் காணப்பட்டது: சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் அரங்குகளுக்குக் கேட்கும் தரத்தில் எமக்கு ஆஸ்பத்திரிகள் வேண்டும், பாடசாலைகள் வேண்டும்! 1947 இல் லசெர்டா சபையில் கேட்ட கேள்வி, அறுபத்தாறு ஆண்டுகளின் பின் வீதியில் எழுந்து நின்றது. அன்று அந்தக் கேள்விக்கு ஆதரவாளர்களிடம் ஒரு பதில் இருந்தது: "இது ஏழையும் வந்து நிற்கும் இடம்." இப்போது அந்தப் பதிலைச் சொல்ல எவருக்கும் வாய் இல்லை.

ஒரு பாடசாலை தப்பியது

அரங்கின் மதிலோரம் ஒரு மாநகரப் பாடசாலை உண்டு. அதன் பெயர் ஃப்ரீடன்ரைக். 1919 இல் ரியோவில் நடந்த தென் அமெரிக்கக் கிண்ணத்தைப் பிரேஸிலுக்கு வென்று தந்த கோலை அடித்த ஆர்தர் ஃப்ரீடன்ரைக்கின் நினைவாக வைத்த பெயர். தந்தை வழி ஜெர்மானியர், தாய் வழி கறுப்பினத்தவர். நகரின் நல்ல அரச பாடசாலைகளில் ஒன்று எனப் பெயர் பெற்றது. விசேட தேவையுள்ள பிள்ளைகளும் அங்கே படித்தனர். அரங்கைச் சுற்றிய அபிவிருத்தித் திட்டத்தில் இந்தப் பாடசாலையும் இடிக்கப்படவிருந்தது!

பெற்றோர் விடவில்லை. தாய்மாரும் தந்தைமாரும் ஆசிரியர்களும் பிள்ளைகளும் சேர்ந்து கூட்டம் கூட்டினார்கள், மனுக் கொடுத்தார்கள், வீதியில் நின்றார்கள். கடைசியில் 2013 ஓகஸ்டில் மாநில ஆளுநர் பின்வாங்கினார். பாடசாலை தப்பியது. பழைய மரக்கானாவைக் கட்டியவர்களின் உணர்வு புதிய அரங்குக்குள் இருந்ததோ இல்லையோ, இந்தப் பெற்றோரிடம் இருந்தது.

பக்கத்திலேயே இரண்டும்

இனி, கதையின் கடைசிப் பகுதி. 2020 இல் கொரோனா நோய் ரியோவைத் தாக்கியது. ஆஸ்பத்திரிகளில் கட்டில் இல்லை. மே மாதத்தில் மரக்கானா வளாகத்திலுள்ள மெய்வல்லுநர் மைதானத்தில் தற்காலிகக் கூடாரங்கள் எழுந்தன. அவற்றுக்குள் நோயாளர் கட்டில்கள் வரிசையாக இடப்பட்டன. ஆம், ஆஸ்பத்திரியா அரங்கா என்று நகரம் விவாதித்த அதே மண்ணில் கடைசியில் ஓர் ஆஸ்பத்திரியும் வந்தது. ஜூன் 18 ஆம் திகதி, பக்கத்துக் கூடாரங்களில் நோயாளர்கள் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருக்க, பார்வையாளர் ஒருவரும் இல்லாத மரக்கானாவில் ஆட்டம் ஒன்றை நடத்தினார்கள். நகரில் பலர் அதைக் கண்டு முகம் சுளித்தார்கள்.

லசெர்டா சொன்னதும் பொய்யல்ல. நோயாளிக்குக் கட்டில் இல்லாத நகரத்துக்கு அரங்கு அழகல்ல. மாரியோ ஃபில்யோ சொன்னதும் பொய்யல்ல. ஆறு நாள் உழைத்துக் களைத்தவனுக்கு ஏழாம் நாள் தன்னைப் போன்றவர்களோடு கூடி நிற்க ஓர் இடம் வேண்டும். அதுவும் நகரம் அவனுக்குத் தர வேண்டிய கடனே. இருவரையும் ஒருவருக்கொருவர் எதிரியாக்கியது பணப் பற்றாக்குறை மட்டுமல்ல. பொதுப் பணத்தில் எழுவது பொதுமக்களுக்கே சொந்தமாக இருக்கும் என்ற உறுதியை யாராலும் எழுதிக் கொடுக்க முடியாமற் போனதும்தான்.

பொதுப் பணம் ஓர் அமானிதம். அதில் எழுவது ஆஸ்பத்திரியாக இருந்தாலும் பாடசாலையாக இருந்தாலும் விளையாட்டரங்காக இருந்தாலும், திறப்பு விழாவன்று நாடா வெட்டுவதைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வீடு திரும்பினால் போதாது. பத்து வருடம், ஐம்பது வருடம் கழித்து அதன் வாசலில் யார் நிற்கிறார்கள், யார் திருப்பி அனுப்பப்படுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஜெரால் மூடப்பட்டபோது ரியோ நகரம் அதைத் தடுக்கவில்லை. ஃப்ரீடன்ரைக் பாடசாலையின் பெற்றோர் தடுத்தார்கள். அதனால்தான் இன்றும் மரக்கானாவின் மதிலோரம் பாடசாலை மணி அடிக்கிறது.